கீழே பார்த்த அம்பு

அந்த ஹெட்போனைக் கொஞ்சம் கழற்றும்மா. ஸ்ரீரங்கம் தாண்டினதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன், "ஹலோ, கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று பதினெட்டு தடவை கேட்டுவிட்டாய். எண்ணினேன். அந்தப் பக்கம் இருக்கிறவருக்குக் கேட்டிருந்தால் முதல் தடவையே பதில் சொல்லியிருப்பார். அப்போது கேட்காதது பதினெட்டாவது தடவை மட்டும் எப்படிக் கேட்கும்? அரியலூர் வரைக்கும் சிக்னல் இப்படித்தான் இருக்கும். மூடி வை. இந்தத் தேன்குழலை எடுத்துக்கொள். கடையில் வாங்கியதில்லை, கல்யாணத்துக்குச் சுட்டது. உடைந்ததையெல்லாம் நமக்கென்று பொறுக்கி வந்திருக்கிறேன். முழுசாக இருப்பது சம்பந்தி வீட்டுக்கு.

நீ என்ன, கம்ப்யூட்டர் கம்பெனியா? இருக்கட்டும். நானும் கம்ப்யூட்டர் பார்க்கிறவள்தான். எனக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சவுண்ட் கார்டு டிரைவரை நானே எடுத்துவிட்டு நானே போட்டிருக்கிறேன், தெரியுமா? அதனால்தான் என் பெண்ணுக்குக் கல்யாணமே நடக்கப் போகிறது. சிரிக்காதே. வருகிற பன்னிரண்டாம் தேதி முகூர்த்தம். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நியூசிலாந்திலிருந்து இன்றைக்கு மூன்றரை மணிக்கு வந்து இறங்குகிறார்கள். தாம்பரத்தில் இறங்கி ஏர்போர்ட் போய் அவர்களை அழைத்துக்கொண்டு ஒரு வேனில் திருச்சி திரும்புகிறோம்.

நாங்கள் என்றால், நானும், இதோ ஜன்னலோரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாரே, இவரும். என் வீட்டுக்காரர். தணிகாசலம் என்று பெயர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரயில் காற்று காதுக்கு ஆகாதாம். வீட்டில் ஃபேன் காற்றும் ஆகாது. இருபது வருஷமாகப் பஞ்சுதான். டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும்?

கேள். என் பெண் மிருதுளா. திருவெறும்பூர் பக்கம் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியர். திறப்பது, மூடுவது, எவ்வளவு விடுவது, எதை விடாமல் நிறுத்துவது என்று நாளெல்லாம் அதுதான் வேலை. அவளுக்கு இதற்கு முன்னால் மூன்று வரன் வந்தது. இப்போதெல்லாம் யாரும்மா பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட நேரில் வருகிறார்கள்? வீடியோவில் முதலில் பார்த்துவிட்டு, பிடித்தால்தான் டிக்கெட் போடுகிறார்கள்.

முதல் வரன் ஓசூர். பையனுடைய அம்மா ரொம்ப ஸ்டைலாக, "மை சன் டஸ் நாட் ட்ரிங்க்ஸ்" என்றார். "ட்ரிங்க்" என்று திருத்தினேன், அவ்வளவுதான். நல்லதற்குத்தானே? நாளைக்கு வேறு யாரிடமாவது சொல்லி அவமானப்படக் கூடாதே. அதற்கப்புறம் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்த ஜாதகம்.

இரண்டாவது பஹ்ரைன். நான் எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினதைச் சொல்லி, அந்தப் பேச்சில் நாலு பாரா மட்டும் சொல்லிக் காட்டினேன். குடும்பத்தின் தரம் தெரிய வேண்டாமா? மூன்றாவது பாராவில் லைன் கட். அப்புறம் அவர்கள் லைனே கிடைக்கவில்லை. அந்த ஊர் நெட் அப்படி, பாவம்.

மூன்றாவது புனே. பையனுக்கு முன்நெற்றி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. "இது அப்பா வழியா, அம்மா வழியா?" என்று கேட்டேன். பேரப்பிள்ளைக்கு வரப்போகிற தலை, கேட்கக் கூடாதா? "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்றார்கள். ஒன்றரை வருஷமாகக் கலந்துகொண்டே இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் மிருதுளா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வாயாடி இல்லை அவள், அப்பாவைப் போல. ஒரு வருஷம் போய் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, இன்னும் ஒரே ஒரு வரன் பார்ப்பேன். அதுவும் போச்சுன்னா அதோட இந்தப் பேச்சையே விட்டுடணும்." அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்த நவநீதனுடைய போட்டோ வந்தது. நியூசிலாந்தில் பால் கறக்கிற மெஷினுக்கு இன்ஜினியர். போட்டோவில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு மாடு, பாதிச் சட்டையை வாயில் வைத்துக்கொண்டு. பெண் வீட்டுக்கு அனுப்புகிற போட்டோவா இது என்று எனக்கு வந்தது பார் கோபம். இவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாட்டை க்ராப் பண்ணாம அனுப்பியிருக்கார்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்து ஒரு வருஷமாகியிருந்தது. என்ன ஆனாலும் சரி, இந்த வரன் மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின திங்கட்கிழமை எங்கள் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது.

போனில் பேசலாமே என்கிறாயா? எல்லோரும் இதையே கேட்டார்கள். போனில் முகம் பூசணிக்காய் மாதிரி தெரிகிறது. கையும் ஆடும், பின்னால் காயப் போட்ட துணி வேறு தெரியும். கம்ப்யூட்டர் ஹாலில் ஷோகேஸுக்கு நேராக இருக்கிறது, கோப்பை பின்னால் தெரிகிற மாதிரி. மிருதுளாவின் லேப்டாப்போ ஆபீஸுடையது, சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாதாம். ஆக, ஹால் கம்ப்யூட்டர்தான்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஸ்பீக்கரைத் தட்டினேன். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பின்னால் பச்சை ஓட்டை ஒன்று, ரோஸ் ஓட்டை ஒன்று இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, வெளியே போகிற சத்தம். ரோஸ் மைக்குக்கு, உள்ளே வருகிற சத்தம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. சுட்டினால், சத்தம் வருகிற சாதனமே இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சுப்ரபாதம் பாடிய சாதனம், திங்கட்கிழமை இல்லையாம்!

ஒரு ரிப்பேர்க்காரர் வந்தார். மூடியைக் கழற்றக்கூட இல்லை. "சவுண்ட் கார்டு அவுட்டு மேடம். அது போர்டோட சேர்ந்தது, போர்டையே மாத்தணும்" என்றார்.

"திறந்து பாத்தீங்களா?"

"பாக்க வேண்டாம் மேடம், சத்தம் வரலியே."

"உங்க வீட்ல யாராவது பேசாம இருந்தா அவுட்டுன்னு எழுதிக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். இவர் மட்டும் உள்ளேயிருந்து, "பேசாம இருந்தா பேசாம இருக்காங்கன்னு அர்த்தம்" என்றார். என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பஞ்சை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் எவாஞ்சலின் இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்தார். ஒன்று, எதையும் கடைசி வரி வரைக்கும் படி. இரண்டு, கேள்வி கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல். "யெஸ் சிஸ்டர்" என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் பெஞ்சு மேல் ஏற வேண்டியதுதான். அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும், அப்டேட் ஆகிறது, அணைக்காதே என்று முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. சரி, கார்டு சாகவில்லை. டிரைவர்தான் போய்விட்டது.

டிரைவர் என்றால் உனக்குத் தெரியும். எங்கள் மாடி வீட்டு அம்மாளுக்கு நான் எப்படிச் சொன்னேன் கேள். கம்ப்யூட்டர் பெண் வீடு. சவுண்ட் கார்டு மாப்பிள்ளை வீடு. இவர்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது இவர்களுக்குப் புரியாது. நடுவில் ஒரு தரகர் நின்று, இவர்கள் சொன்னதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி, மனசு கோணாத மாதிரி சொல்கிறார் பார், அவர்தான் டிரைவர். அப்டேட் வந்தபோது பழைய தரகரை அனுப்பிவிட்டது, புதுத் தரகருக்கு நம் வீட்டு விலாசம் தெரியவில்லை. இரண்டு வீடும் அப்படியே இருக்கிறது, பேச்சுவார்த்தைதான் இல்லை. இந்த மாதிரி உங்கள் கம்பெனியில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? மாட்டார்கள்.

டிவைஸ் மேனேஜர் என்று ஒரு இடம் இருக்கிறதே, போனேன். வீட்டு ரேஷன் கார்டு மாதிரி உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல். அதில் சவுண்ட் பெயருக்கு முன்னால் மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. அங்கேதான் கோளாறு. புதன்கிழமை அதை வலது பக்கம் அமுக்கி அன்இன்ஸ்டால் கொடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். தானாகவே ஒரு டிரைவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. சத்தம் வந்தது. வந்தது என்றால், அண்டாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஊருக்கெல்லாம் பொதுவான தரகர் அது. அவரை வைத்துக் கல்யாணம் பேச முடியுமா?

வியாழக்கிழமை, கம்ப்யூட்டர் வாங்கும்போது கொடுத்த டிரைவர் சி.டி.யைத் தேடி எடுத்தேன். என் வீட்டில் எதுவும் தொலையாது. கேரண்டி கார்டு, மிக்ஸி புத்தகம், சி.டி. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். சி.டி. போடுகிற தட்டு இரண்டு வருஷமாகத் திறக்காமல் இறுகிப் போயிருந்தது. அதன் முகத்தில் ஒரு குண்டூசி ஓட்டை இருக்கும், கவனித்திருக்கிறாயா? ஹேர்பின்னை நிமிர்த்தி அதில் விட்டேன், தட்டு வெளியே வந்தது. இவர் கைதட்டினார். சி.டி.யைப் போட்டால், இது பழைய விண்டோஸுக்கானது, உனக்கு ஒத்துவராது என்றுவிட்டது. பத்து வருஷம் பத்திரமாக வைத்திருந்த சி.டி! அதைக் காக்காய் ஓட்ட மாடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டார்ச் அடித்து, உள்ளே போர்டில் எழுதியிருந்த மாடல் நம்பரை எழுதிக்கொண்டு, நெட்டில் தேடினேன். அடேயப்பா, பச்சையில் டவுன்லோடு, சிவப்பில் டவுன்லோடு, கை காட்டுகிற டவுன்லோடு! ஒன்றை அமுக்கினேன். டிரைவர் வரவில்லை, பிரேசிலில் மழை பெய்கிறது என்று ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் துரத்த ஒன்றரை மணி நேரம். அப்புறம்தான் போர்டு செய்தவர்களுடைய சொந்தப் பக்கத்துக்கே போய், எங்கள் விண்டோஸுக்கு உரியதைப் பார்த்து இறக்கினேன். எல்லோரும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார்கள். நான் ஒவ்வொரு பக்கமும் படித்தேன். அணைத்துப் போட்டேன். மஞ்சள் முக்கோணம் இல்லை. சுப்ரபாதம் கணீரென்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, போ.

சனிக்கிழமை மைக்கைச் சோதித்தேன். என் எலோக்யூஷனை, அதான் அந்தக் கோப்பை வாங்கின பேச்சை, முழுசாகப் பேசிப் பதிவு பண்ணி, சத்தமாகப் போட்டுக் கேட்டேன். இருபது நிமிஷம். ஒரு எழுத்து பிசகவில்லை. சமையலறையில் மிருதுளா கையிலிருந்து கரண்டி விழுந்தது. அப்புறம் அவளும் அப்பாவும் பால்கனியில் நின்று ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சாதித்துவிட்டாள் என்று பேசியிருப்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கே மிருதுளா புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "கேமரா சரி பண்றேம்மா" என்றாள். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பாலைப் பார்க்கிற மாதிரி நான் ஒரு தடவை டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ஸ்பீக்கர் சுத்தம். மைக் பக்கத்தில் கீழே பார்த்த மாதிரி குட்டியாக ஓர் அம்பு. டவுன்லோடு பண்ணும்போது வருமே, அதே அம்பு. சரி, மைக் டிரைவரும் முழுசாக இறங்கிவிட்டது என்று நிம்மதியாக மூடினேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவனும் அவன் அம்மா பத்மாவதியும். அப்பா இல்லை. "வணக்கம், நல்லாருக்கீங்களா?" என்று அந்தம்மா கேட்டது நேரில் கேட்கிற மாதிரி இருந்தது. நான் ஆரம்பித்தேன். வணக்கம் சொல்லி, என் கான்வென்ட்டைப் பற்றிச் சொல்லி, சவுண்ட் கார்டைச் சரி பண்ணின கதையைச் சொல்லி... மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். அந்தம்மா அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒரு தரம் ஏதோ சொல்ல வந்தார், நான் நிறுத்தாமல் பேசவே காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். புதுத் தோடு போலிருக்கிறது என்று நானும் என் தோட்டைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார். எவ்வளவு நல்ல மனுஷி, நீயே சொல்.

மிருதுளா என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ டைப் அடித்துக்கொண்டேயிருந்தாள். "என்னடி அடிக்கிறே?" என்றேன். "நோட்ஸ் எடுக்கறேம்மா" என்றாள். பொறுப்பான பெண். நான் அவனிடமும் கேட்டேன், அந்த முன்நெற்றி விஷயத்தை. இவனுக்கும் லேசாக ஏறியிருந்தது. கேட்டுக் கொஞ்ச நேரத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான், கையிலிருந்த டீ மேலே கொட்டிவிட்டது. "காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கு தம்பி" என்றேன். சரி பண்ணிக்கொண்டான். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை!

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தம்மா இவருக்குப் போன் பண்ணிச் சம்மதம் சொல்லிவிட்டார். நான் வாக்கிங் போயிருந்தேன். நாலு மாசமாக அவர்கள் எப்போதும் காலை ஆறுக்குத்தான் பேசுகிறார்கள், நான் எப்போதும் வாக்கிங்கில்தான் இருக்கிறேன். அந்த ஊர் நேரம் அப்படியாம். ஒரே ஒரு தடவை மழை என்று நான் வீட்டில் இருந்தேன். போனை வாங்கி "வணக்கம் சம்பந்தி" என்பதற்குள் இவர் கை தவறிப்பட்டு கட்டாகிவிட்டது. இருக்கட்டும். "என்னங்க சொன்னாங்க என்னைப் பத்தி?" என்று கேட்டேன். "இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னாங்க" என்றார். வேறு என்ன வேண்டும்?

என்ன? ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

ஆமாம், கீழே பார்த்த அம்பு. மைக் படத்துக்கு மேலேயேதான். குட்டியாக, ஒரு வட்டத்துக்குள். ஏன்?

டிஸேபிளா? யார் பண்ணினது? தானாக ஆகாதா? யாராவது போய், வலது பக்கம் அமுக்கி, நிறுத்தி வை என்று சொன்னால்தான் அந்த அம்பு வருமா? டவுன்லோடுக்கு அப்படி வராதா?

நிச்சயமாகத் தெரியுமா உனக்கு? சரி, நீ கம்பெனிக்காரி. ஆனால் காலரைச் சரி பண்ணினானே! கேட்காமல் எப்படிச் சரி பண்ணுவான்? சொல்லு.

சும்மா இரு. கொஞ்சம் சும்மா இரு.

என்ன ஸ்டேஷன் இது? விருத்தாசலமா? இட்லி வேண்டாம்ப்பா, போ. சிக்னல் இருக்கிறதா பார்... மூன்று கோடு. ஸ்பீக்கரில் போடுகிறேன், நீயும் கேள். நீ ஆரம்பித்ததுதானே.

"சொல்லும்மா, எங்க வர்றீங்க?"

"விருத்தாசலம். மிருதுளா, உன்னை ஒண்ணு கேக்கறேன், முழு வாக்கியத்துல பதில் சொல்லு. அன்னிக்கு மைக்கை நிறுத்தினது யாரு?"

"..."

"சவுண்ட் வரலைடி."

"நான்தாம்மா அன்னிக்கு மைக்கை நிறுத்தி வச்சேன். ஐடியா அப்பாவோடது."

அட! கண்ணை மூடிக்கொண்டே இமை ஆடுவதைப் பார். ஏங்க, பஞ்சை எடுங்க. எடுங்கன்னா எடுங்க.

"எந்த ஸ்டேஷன்?"

"அது அப்புறம். மைக்கை நிறுத்தச் சொன்னீங்களா?"

"பராமரிப்புப் பணி சுகந்தி. லைன்ல வேலை நடக்கும்போது சப்ளையை நிறுத்தி வைக்கறது எங்க டிபார்ட்மென்ட் வழக்கம். ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும்தான். அப்புறம் குடுத்துட்டமே?"

பார்த்தாயா? முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் இந்த மனுஷனோடு.

"அம்மா, கோவமா?"

"கோவமெல்லாம் இல்லை. இருபத்தஞ்சு நிமிஷம் பேசியிருக்கேன்டி, தொண்டை வத்த. தோட்டைத் தொட்டுக் காட்டியிருக்கேன். என்னைப் பாத்து என்ன நெனைச்சிருப்பாங்க?"

"அத்தைக்குக் கேக்கலைதான். கம்ப்யூட்டர் கோளாறுன்னு நெனைச்சுட்டாங்க. ஆனா அவருக்கு நான் எல்லாத்தையும் டைப் பண்ணேன்மா. 'உங்க அம்மா என்ன சொல்றாங்க, ஒண்ணு விடாம அடி'ன்னு அவர்தான் கேட்டார்."

"ஒண்ணு விடாமயா?"

"பாதிக்குப் பாதி. காலர் சொன்னேன். நெத்தி சொன்னேன். அதுக்குத்தான் டீயைக் கொட்டிக்கிட்டார். 'அம்மா வழிதான், மாமா மூணு பேருக்கும் வழுக்கைன்னு சொல்லிடு, இவங்ககிட்ட மறைக்க முடியாது'ன்னு எழுதினார். எலோக்யூஷனை மட்டும் விட்டுட்டேன். நாலு மாசமா ஒரே கேள்விம்மா, உங்க அம்மா குரல் எப்படி இருக்கும்னு. இன்னிக்கு ஏர்போர்ட்ல கேக்கப் போறேன்னு ஏறும்போது மெசேஜ் போட்டிருக்கார்."

"அவங்க அம்மா?"

"அத்தையா... அத்தை எல்லார்கிட்டயும் அமைதியான சம்பந்தி, அமைதியான சம்பந்தின்னு சொல்லி வச்சிருக்காங்க. அம்மா? ஹலோ? அம்மா, கேக்குதா?"

"கேக்குதுடி. வை போனை. சாப்பிட்டியா? சரி, வை."

ம்.

நீ சிரிக்கலாம், பரவாயில்லை. அடக்கிக்கொண்டு இருமாதே. தண்ணீர் வேண்டுமா?

அப்படியானால் ஓசூர், பஹ்ரைன், புனே எல்லாம்... வேண்டாம், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு யோசிக்கிறேன். பஹ்ரைன் நெட் மோசம்தான், அதை யாரும் மறுக்க முடியாது.

ஒரு வாரம் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினேனே! ஹேர்பின் வளைத்து, டார்ச் பிடித்து, பிரேசில் மழையைத் துரத்தி. நான் எங்கெங்கோ தரகரைத் தேடினேன், நிஜத் தரகர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறாள். வாயாடி இல்லை என்று நினைத்தேன். ஒரு இருபத்தைந்து நிமிஷத்தில் பாதியை விட்டுப் பாதியைச் சொல்லி ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியாதம்மா. எனக்கு முழுசாகத்தான் தெரியும்.

ஏன், எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதா? பார்த்துக்கொண்டே இரு. இப்போதிலிருந்து தாம்பரம் வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஏங்க, நீங்க சாட்சி. பஞ்சை வச்சுக்காதீங்க, பேசாம இருக்கறதைக் கேக்கறதுக்குக் காது வேணும்.

...

...

உளுந்தூர்பேட்டை தாண்டிவிட்டதா? இல்லையா? எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாலு நிமிஷம்தானா! உன் வாட்சைச் சரியாகப் பார். இந்த லைனில் ரயிலே நகர மாட்டேன் என்கிறது.

சரி, முடிவு பண்ணிவிட்டேன். சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். ஏர்போர்ட்டில் அவர்கள் வெளியே வந்ததும் ஒரே வார்த்தைதான் சொல்லப் போகிறேன். "வாங்க." அவ்வளவுதான். சிஸ்டர் எவாஞ்சலின் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றட்டும், ஏறிக்கொள்கிறேன். என் பெண் அடித்த பாதி அங்கே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதியைக் கொண்டுபோய் நான் கொட்டிவிடக் கூடாது. அந்தம்மா பாவம், அமைதியான சம்பந்தி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். முதல் நாளிலேயே அவரைப் பொய்யாக்குவானேன்?

ஆனால் அந்தப் பிள்ளை கேட்டால்? நாலு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். கேட்கிறவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? கேட்டால் சொல்வேன். ஒரு கேள்விக்கு ஒரு பதில். முழு வாக்கியத்தில்.

ஏர்போர்ட்டிலிருந்து திருச்சிக்கு வேனில் ஆறு மணி நேரம். இவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார், அந்தம்மா பயணக் களைப்பில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். அந்தப் பிள்ளை என் பக்கத்தில். கேட்காமலா போய்விடுவான்?

ஏங்க, அந்தப் பஞ்சுப் பொட்டலத்துல மிச்சம் இருக்கா? கொஞ்சம் தனியா எடுத்து வைங்க. சம்பந்தியம்மாவுக்கு வேன் காத்து ஆகுமோ என்னமோ.